அட்டை இல்லாத நாய்கள்

எங்கள் கடையில் ஓர் இரும்பு அலமாரி இருக்கிறது. நான்கு இழுப்பறைகள். சுங்கைப் பட்டாணியில் பழைய அச்சகம் ஒன்றை மூடியபோது 150 வெள்ளிக்கு வாங்கிவந்தது. குளிப்பாட்டி முடி வெட்டவும், ஊருக்குப் போகும்போது விட்டுப்போகவும் எங்களிடம் வருகிற நாய் பூனைகள் ஒவ்வொன்றுக்கும் அதில் ஓர் அட்டை உண்டு. பெயர், பிறந்த வருடம், எடை, கடைசியாக ஊசி போட்ட தேதி, எதைத் தின்றால் வாந்தி எடுக்கும், எந்தக் காதைத் தொட்டால் கடிக்கும் எல்லாம் எழுதியிருக்கும். இடிச் சத்தத்துக்குப் பயந்து அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் பீகல் ஒன்றின் அட்டையில், 'மழைக்காலத்தில் ரேடியோ போட்டுவிடவும்' என்றுகூட இருக்கிறது.

சென்ற டிசம்பரில் கூரை ஒழுகி மேல் இழுப்பறை நனைந்துவிட்டது. அட்டைகளைத் தரையில் பரப்பி, மின்விசிறியைத் திருப்பிவைத்துக் காயப்போட்டோம். வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்த என் தங்கை தலையைத் தூக்கிக் கேட்டாள்: "அண்ணே, நம்ம நாய்ங்களோட அட்டை எங்க?"

மேல் இழுப்பறையில் இல்லை. மற்ற மூன்றிலும் இல்லை. தேடத் தேட மூன்று பேருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. இருந்தாலும் கொஞ்ச நேரம் தேடுகிற மாதிரியே நடித்தோம். 2012இல் கடை திறந்ததிலிருந்து எங்களுடைய நாய்கள் என்று நான்கு இருந்திருக்கின்றன. ஒன்றுக்கும் நாங்கள் அட்டை எழுதியதில்லை.

கடைக்காரன் எழுதும் சுயவிமர்சனம் சுலபமாக விளம்பரமாகிவிடும். அதனால் கடையின் பெயர் இங்கே வராது. நான், என் தங்கை, அவள் வீட்டுக்காரரான என் மச்சான் ஆகிய மூவரும் உட்கார்ந்து பேசி, சண்டை போட்டு, ஒத்துக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். ஒத்துக்கொள்ளாததையும் எழுதுகிறேன்.

எங்களுக்கு நாய் வளர்ப்பைக் கற்றுக்கொடுத்தது தோட்டம். பீடோங்கிலிருந்து உள்ளே, செம்மண் சாலையில் போகவேண்டிய ஒரு கித்தா தோட்டம். அங்கே எல்லாவற்றுக்கும் ஒரு புத்தகம் இருந்தது. விடியற்காலைப் பிரட்டில் பெயர் கூப்பிட செக்ரோல். பால் நிறுக்கும் கொட்டகையில் ஆளுக்கு எத்தனை கிலோ என்று ஒரு கணக்கு. டிரசர் ஐயா மேசையில் யாருக்குக் காய்ச்சல், யாருக்கு எத்தனை மாத்திரை என்று ஒரு தடித்த புத்தகம். லயத்து நாய்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் வேலை செய்தன. அம்மா நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போகும்போது ஜிம்மி முன்னால் ஓடும். பாம்பு கிடந்தால் நின்று குரைக்கும். மரவள்ளித் தோட்டத்துக்கு வரும் காட்டுப்பன்றியை விரட்டும். கூலி, மிஞ்சின சோறும் கருவாட்டுத் தலையும்.

ஜிம்மிக்குச் சொறி வந்த வருடம் எனக்கு ஒன்பது வயது இருக்கும். டிராக்டர் கொட்டகையிலிருந்து பெரியப்பா ஒரு பால் டின்னில் கறுப்பெண்ணெய் கொண்டுவந்தார். இயந்திரத்திலிருந்து வடித்த கழிவு எண்ணெய். நாயை ஜம்பு மரத்தில் கட்டி, தேங்காய் மட்டையை நசுக்கித் தூரிகையாக்கி, கழுத்திலிருந்து வால்வரைக்கும் பூசினார். நாங்கள் பிள்ளைகள் சுற்றி நின்று சிரித்தோம். அது நக்கி நக்கி எண்ணெயை வயிற்றுக்குள் அனுப்பிக்கொண்டிருந்தது. மூன்று நாள் சோறு தின்னவில்லை. பிறகு பிழைத்துக்கொண்டது, மயிரும் முளைத்தது. உடனே கறுப்பெண்ணெய்க்குப் பெயர் வந்துவிட்டது. அதே எண்ணெய் பூசி, லயத்துக் கோடியில் வாயில் நுரை தள்ளிச் செத்த இரண்டு நாய்களை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. சொறி என்பது கண்ணுக்குத் தெரியாத பூச்சி தோலைக் குடைவதால் வருவது. இன்றைக்கு அதற்கு மாத்திரையே இருக்கிறது. கழிவு எண்ணெய் தோலை வெந்துபோகச் செய்யும். உள்ளே போனால் விஷம். இது தெரிந்த பிறகும், போன வருடம்கூட பாடாங் செராயிலிருந்து ஒருவர் கறுப்பெண்ணெய் பூசின நாயைக் குளிப்பாட்ட எங்களிடம் கொண்டுவந்தார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஜம்பு மரம் ஞாபகம் வந்தது.

தோட்டம் கைமாறியது. சுங்கைப் பட்டாணியைச் சுற்றி நடந்த கதைதான்: கித்தா செம்பனையானது, செம்பனை தாமானானது. லயத்தைக் காலி செய்த நாளில் லோரியில் கட்டில், சாமிப் படங்கள், தையல் மெஷின் எல்லாம் ஏறின. ஆயா தன் எட்டுக் கோழிகளையும் கூடையோடு ஏற்றிவிட்டார். ஜிம்மி ஏறவில்லை. நாங்கள் போன அடுக்குவீட்டில் நாய் வைத்துக்கொள்ளக் கூடாது. அதுவும் பத்து வயது தாண்டிய நாய். முனீஸ்வரன் கோயில் முச்சந்திவரைக்கும் லோரிக்குப் பின்னால் ஓடிவந்தது. அதற்கு மேல் அதனால் ஓட முடியவில்லை. "பழகிக்கும்" என்றார் ஆயா. எங்கள் தோட்டத்திலிருந்து நாற்பது குடும்பமாவது வெளியே வந்திருக்கும். நாயையும் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் என்று எனக்கு ஞாபகம் இருப்பது இரண்டே வீடு.

இதைப் பற்றி நாங்கள் எங்கேயும் பேசியதில்லை. தோட்டத்தை இழந்த கதையை எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறோம், எழுதியிருக்கிறோம், அழுதிருக்கிறோம். அந்தக் கதையில் எங்களை விரட்டியவர்கள் உண்டு. நாங்கள் விட்டுவந்தவை இல்லை.

2005இல் திருவிழாவுக்குத் தோட்டத்துக்குப் போனபோது, இடிந்த லயத்து ஆயாக்கொட்டகைத் திண்ணைக்கு அடியில் நான்கு குட்டிகள் கிடந்தன. ஜிம்மியின் நிறத்தில் ஒன்று இருந்தது. உறவா இல்லையா, தெரியாது. தங்கை துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டாள். அதுதான் மணி. அதற்குள் நாங்கள் தரை வீட்டுக்கு மாறியிருந்தோம்.

கடை திறந்தபோது மணிக்கு ஏழு வயது. கடையின் முகமே அவள்தான். வாசலில் படுத்திருப்பாள். பிள்ளைகள் காதைப் பிடித்து இழுப்பார்கள், சும்மா இருப்பாள். முதல் பெயர்ப்பலகையில் இருந்தது அவள் படம்தான். புதிதாக நாய் வாங்க வருகிறவர்களிடம் மச்சான் அவளைக் காட்டி, "தோட்டத்து நாய், இதுவரைக்கும் டாக்டர்கிட்டயே போனதில்ல" என்பார். பெருமையாகத்தான் சொல்வார். நானும் சொல்லியிருக்கிறேன்.

2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மூன்றிலும் வெறிநாய் நோய் வந்தது. தாய்லாந்து எல்லையை ஒட்டி நாய்களுக்குத் தடுப்பூசி போட்டு ஒரு காப்பு வளையம் வைத்திருக்கிற வழக்கம் 1950களிலிருந்தே இங்கே உண்டு. ஆனாலும் வந்துவிட்டது. பினாங்கில் தெருநாய்களைக் கொல்ல உத்தரவு போட்டார்கள், அதை எதிர்த்துக் கூச்சலும் எழுந்தது. கால்நடை இலாகா நாய்களுக்கு ஊசி போட்டது. நாங்கள் ஓடி ஓடி உழைத்தோம், அதில் சந்தேகமில்லை. வாடிக்கையாளர்களுக்கு ஃபோன் செய்தோம். வண்டியில்லாதவர்களின் நாய்களை எங்கள் வேனில் ஏற்றிப் போனோம். அட்டை அட்டையாகத் தேதி எழுதினோம். மணியை ஏற்றவில்லை. "கிழவி எங்க வெளிய போறா, அவளுக்கு எதுக்கு?" அன்றைக்கு அவளையும் கொண்டுபோயிருந்தால் ஊசி போடுகிறவர் தொட்டுப் பார்த்திருப்பார். எடை எழுதியிருப்போம். அடுத்த வருடம் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எண்ணாவது இருந்திருக்கும். பிள்ளைகள் காதை இழுக்கிற நாய்க்கு ஊசி போடாமல் வாசலில் படுக்கவைத்திருந்தோம் என்பது தனிக் குற்றம்.

2016 தொடக்கத்தில் வெயில் கொளுத்தியது. ஏப்ரலில் பெர்லிசிலும், கெடாவில் குபாங் பாசு, பெண்டாங் மாவட்டங்களிலும் வெப்பத்தால் பள்ளிக்கூடங்களையே மூடினார்கள். மணி நிறையத் தண்ணீர் குடித்தாள். வெயில்தானே என்றோம். மெலிந்தாள். வயசாயிடுச்சு என்றோம். வாசலில் படுத்தபடியே நனைத்துக்கொண்டாள். அதற்கும் வயசாயிடுச்சு என்றோம். வாடிக்கையாளர்கள் மூக்கைப் பிடிக்கிறார்கள் என்று அவளைப் பின்கட்டுக்கு மாற்றினோம். ஒருநாள் மாப் கட்டையால் அவளைத் தள்ளினேன். அடிக்கவில்லை, தள்ளினேன். இதை எழுதும்போதுகூட 'அடிக்கவில்லை' என்று சேர்த்துக்கொள்ள கை முந்துகிறது.

பின்கட்டில் அவளுக்கு ஒரு எவர்சில்வர் கிண்ணம் இருந்தது. ஒரு லிட்டர் பிடிக்கும். காலையில் கடை திறக்கும்போது மச்சான் நிரப்புவார். மதியம் காலியாகக் கிடப்பதைப் பார்த்து நான் நிரப்புவேன். சாயங்காலம் கூட்டும்போது தங்கை நிரப்புவாள். நாளுக்கு ஒரு தடவைதான் அந்தக் கிண்ணம் நிரம்புகிறது என்று மூன்று பேரும் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒருவரை ஒருவர் கேட்கவில்லை.

இது எங்களுக்கு டாக்டர் அறையில்தான் தெரியவந்தது. இளம் பெண், தமிழ்ப் பெண்தான். "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்குது?" என்று கேட்டார். "ஒரு கிண்ணம்" என்றார் மச்சான். "இல்ல, மத்தியானம் நான் ஊத்துறேனே" என்றேன். தங்கை எங்கள் இருவரையும் பார்த்தாள். டாக்டர் ஒன்றும் சொல்லாமல் கணக்குப் போட்டார். மணி அப்போது 18 கிலோ. ஒரு கிலோ உடம்புக்கு நாளொன்றுக்கு 100 மில்லிக்கு மேல் ஒரு நாய் குடித்தால் அது நோயின் அறிகுறி. மணிக்கு அந்த எல்லை 1.8 லிட்டர். அவள் குடித்தது மூன்று லிட்டர்.

ரத்தம் எடுத்தார்கள். சிறுநீரகம் போய்விட்டது. டாக்டர் ஒரு காகிதத்தில் அவரைவிதை மாதிரி வரைந்து விளக்கினார். சிறுநீரகத்தில் மூன்றில் இரண்டு பங்கு கெட்ட பிறகுதான் சிறுநீரைக் கெட்டியாக்கும் சக்தி போகும். தண்ணீராகப் பிரியும், அந்த இழப்பை ஈடுகட்ட நாய் தண்ணீராகக் குடிக்கும். முக்கால் பங்கு கெட்ட பிறகுதான் ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் ஏறும். அதற்கு முன்னால் காட்டிக்கொடுக்கக்கூடியவை சிறுநீர்ச் சோதனையும், எடைக் குறைவும், தண்ணீர்க் கிண்ணமும். அந்தக் கட்டத்தில் பிடித்திருந்தால் பாஸ்பரஸ் குறைந்த உணவு, ரத்த அழுத்தத்துக்கு மருந்து என்று நாளைத் தள்ளலாம். வருடக் கணக்கில் தள்ளிய நாய்கள் உண்டு என்றார். பாஸ்பரஸ் குறைந்த அந்தச் சிறுநீரக உணவு எங்கள் கடை அலமாரியில் இரண்டாவது தட்டில் இருந்தது. விற்றுக்கொண்டிருந்தோம். மணிக்குப் போட்டது, எலி கடித்துக் கிழிந்த மூட்டைகளில் மிஞ்சினது.

எட்டு வாரம் தோலுக்கடியில் திரவம் ஏற்றினோம். மாறி மாறி, நேரம் குறித்து, ஒழுங்காக. அந்த எட்டு வாரம் நாங்கள் நல்லவர்களாக இருந்தோம். ஜூனில் தையல் மேசைக்கு அடியில் போய்ப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

இங்கே கதை முடிந்து, நாங்கள் திருந்தி, அட்டை எழுதத் தொடங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நடக்கவில்லை. "இனிமே எல்லாத்துக்கும் அட்டை போடணும்" என்று மச்சான் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தலையாட்டியதும் ஞாபகம் இருக்கிறது.

2018இல் டோலி. குட்டி போட வைத்து விற்றோம், அதையும் மறைக்கவேண்டாம். குட்டி ஈனுவதை நிறுத்திய பிறகு கருப்பையை எடுத்திருக்கவேண்டும். செலவு என்று தள்ளிப்போட்டோம். பருவம் முடிந்து ஆறு வாரத்தில் கருப்பையில் சீழ் வைத்து வயிறு உப்பியது. வயதான பெண் நாய்களுக்கு இது அடிக்கடி வருகிற நோய். சுவீடனில் ஆயிரக்கணக்கான நாய்களின் காப்பீட்டுக் கணக்கை வைத்து ஆராய்ந்தபோது, கருப்பை எடுக்காதவற்றில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குப் பத்து வயதுக்குள் இது வந்திருந்தது. 'இனப்பெருக்கத்துக்கு வைத்திராத பெண் நாய்க்குக் கருத்தடை செய்யுங்கள்' என்று எங்கள் கடைச் சுவரிலேயே சுவரொட்டி ஒட்டியிருந்தோம். கடைசி நிமிடத்தில் அறுவை செய்து டோலி பிழைத்தாள். தள்ளிப்போட்ட செலவைப்போல மூன்று மடங்கு கொடுத்தோம். நியாயமான அபராதம் என்று எனக்குத் தோன்றியது. மச்சானுக்குத் தோன்றவில்லை.

ராக்கியைப் பற்றி அதிகம் எழுத முடியவில்லை. அல்சேஷன், இரவுக் காவல். ஒன்பது வயதில் பின்னங்கால் இழுத்தது. படி ஏற யோசிக்கும். "சோம்பேறி" என்று பெயர் வைத்தோம். இடுப்பு மூட்டு தேய்ந்த வலி அது. ஒருநாள் ரொம்ப நொண்டியது. எங்கள் மூவரில் ஒருவர், யார் என்று சொல்லமாட்டேன், இடுப்பு வலிக்கு மருந்துக்கடையில் வாங்கி வைத்திருந்த ஐபுபுரோஃபெனை ரொட்டியில் வைத்து மூன்று நாள் கொடுத்தார். அன்பாகத்தான் கொடுத்தார். மனிதனுக்கு வலி தீர்க்கிற அந்த மாத்திரை நாயின் குடலைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். நான்காம் நாள் காப்பித்தூள் மாதிரி வாந்தி எடுத்தது. அது ரத்தம். நாய்க்கென்றே வலி மாத்திரைகள் இருக்கின்றன. டாக்டரிடம் போனால் ரத்தம் பார்த்து, எடை பார்த்துத் தருவார். நாங்கள் டாக்டரிடம் போகிற தூரம் மோட்டாரில் பத்து நிமிடம்.

இதற்கெல்லாம் மேலே, சுவரில், சட்டம் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்து 1953ஆம் ஆண்டு விலங்குச் சட்டத்தில் மிருகவதைக்கு உச்ச அபராதம் 200 வெள்ளி. பல வருடம் அதுதான். 2013இல் அதை 50,000 ஆக்கினார்கள். பிறகு விலங்கு நலச் சட்டம் 2015 வந்து, 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. விலங்கு வைத்துத் தொழில் செய்ய லைசன்ஸ் கட்டாயம். விலங்கை வைத்திருக்கிறவர் அதன் வலியையும் நோயையும் கவனிப்பது கடமை. தவறினால் 15,000 முதல் 75,000 வெள்ளிவரை அபராதம், அல்லது இரண்டு வருடம்வரை சிறை, அல்லது இரண்டும். லைசன்ஸ் எடுத்தோம். கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினோம். கல்லாவுக்குப் பின்னால், அதற்கு நேர் கீழே, ராக்கி இடுப்பு வலியோடு படுத்திருந்தது. வாடிக்கையாளர்கள் படம் பிடித்துக்கொண்டு போவார்கள், சட்டமும் நாயும் ஒரே படத்தில் விழும்.

தமிழர்களாகிய நமக்கு நாய் அந்நியம் இல்லை. பைரவர் வாகனம் என்போம். தேய்பிறை அஷ்டமிக்குத் தெருநாய்க்கு பிஸ்கட் போடச் சொல்லி சோசியர் சொன்னால், மூன்று பாக்கெட் வாங்கிக்கொண்டு எங்கள் கடைக்கே வந்து, "எந்த நாய்க்குப் போடலாம்?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டு, மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. கருந்தேவக்கத்தி என்ற வீரன் எருமைகளைக் காக்கப்போய் மடிந்திருக்கிறான். கூட நின்று இரண்டு கள்ளர்களைக் கடித்த அவன் நாயையும் கல்லில் செதுக்கி, அதன் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன். உளியும் சுத்தியும் வைத்துக் கல்லில் ஒரு நாயின் பெயரை வெட்ட எத்தனை நாள் ஆகியிருக்கும்? எங்களுக்கு ஒரு பேனாவும் பத்து சென் அட்டையும் போதும்.

கடைசியாகப் பாண்டா. ஷீட்சு. மேலே நான்கு நாய்க்கும் அட்டை எழுதவில்லை என்றேன். பாண்டாவுக்கு ஓர் அட்டை இருந்தது, வாடிக்கையாளர் நாயாக வந்தபோது எழுதியது. 2020 மார்ச்சில், 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்குவதற்கு முந்தைய வார இறுதியில், மூன்று நாளைக்கு என்று விட்டுப்போனார்கள். வாசல் அடைபட்டது. மாதங்கள் ஓடின. முதலில் ஃபோனில் பேசினார்கள், பிறகு எண் மாறிவிட்டது. எத்தனை பேர் வேலை இழந்த காலம் அது, அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அப்போது பாண்டாவுக்கு ஆறு வயது.

இரண்டு வருடமாக இரவில் இருமினான். தங்கை பிள்ளைகளுக்கு வாங்கின இருமல் மருந்தில் கொஞ்சம் கொடுத்தாள். ஏர்கோன் ஒத்துக்கொள்ளவில்லை என்றோம். வயசாயிடுச்சு என்றும் சொன்னோம், அது எப்போதும் வாயில் தயாராக இருந்தது. டிசம்பரில் கூரை ஒழுகி அட்டைகளைப் பரப்பியபோது, பாண்டாவின் அட்டையாவது இருக்கவேண்டுமே என்று தேடினோம். அலமாரியில் இல்லை. மச்சான்தான் கண்டுபிடித்தார். பாக்கிக் கணக்குக் கோப்பில் இருந்தது. வாடகைப் பாக்கி 2,340 வெள்ளி என்று சிவப்பு மையில், என் கையெழுத்தில், மேலே எழுதியிருந்தது. அதற்குக் கீழே, 2019இல் ஊசி போட்ட டாக்டர் சொன்னதைப் பழைய முதலாளி அம்மா சொல்ல, தங்கை எழுதிய ஒரு வரி: 'இதயத்தில் லேசான இரைச்சல். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கவும்.'

சிறு ஜாதி நாய்களுக்கு வயதானால் இதயத்தின் மிட்ரல் வால்வு தடித்து, ரத்தம் பின்னோக்கி ஒழுகும். ஸ்டெதஸ்கோப்பில் அதுதான் இரைச்சலாகக் கேட்கும். இதயம் மெல்ல மெல்லப் பெருக்கும். பெருத்த இதயம் மூச்சுக்குழாயை நெருக்கும்போது இருமல். 2016இல் பல நாடுகளில் செய்த ஓர் ஆய்வு முடிவு வந்தது: இதயம் பெருத்து, ஆனால் இன்னும் செயலிழக்காத கட்டத்தில் பிமோபெண்டன் என்ற மாத்திரையைத் தொடங்கினால், இதயச் செயலிழப்பு ஏறக்குறைய 15 மாதம் தள்ளிப்போகிறது. நாயின் கணக்கில் 15 மாதம் சின்ன விஷயமில்லை. பாண்டாவை ஜனவரியில் கொண்டுபோனபோது அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. நுரையீரலில் நீர். இப்போது மூன்று மாத்திரை, வேளை தவறாமல்.

மச்சான் ஒரு ராத்திரி வெடித்தார். "நாம என்ன கொலையா பண்ணிட்டோம்? மணி தோட்டத்திலயே கிடந்திருந்தா எப்பவோ செத்திருக்கும். பாண்டாவ யாரு வச்சிருப்பா அஞ்சு வருஷம் ஓசில? நாம நல்லதுதானே மச்சான் செஞ்சோம்?" அவர் சொன்னதில் பொய் இல்லை. சோறு போட்டோம், இடம் கொடுத்தோம், செத்தபோது அழுதோம். ஊர் நாய்களைக் காசுக்குக் கவனித்தபோது எண்ணிப் பார்த்தோம், எழுதினோம். எங்கள் நாய்களைப் பாசத்தோடு வைத்திருந்தோம், அதனால் எண்ணவில்லை. பாசம் இருக்கிறதே, அட்டை எதுக்கு என்ற நினைப்பு. மச்சானிடம் இப்படிச் சொன்னேன். "பெரிய எழுத்தாளர் பேச்சு" என்று எழுந்து போய்விட்டார். இன்றுவரைக்கும் அவர் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை.

ஆனால் மறுநாள் அட்டை எழுத முதலில் உட்கார்ந்தது அவர்தான். ராக்கியை மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றி, 29 கிலோ என்று எழுதினார். டோலியின் பல்லைத் திறந்து பார்த்தார், பின்பற்கள் காவியேறி ஈறு பழுத்திருந்தது, எழுதினார். ஒரு கோடு போட்ட நோட்டில் தண்ணீர்க் கணக்கும் தொடங்கினார்: யார் ஊற்றினாலும் அளவும் நேரமும் கையெழுத்தும். அட்டையில் 'உரிமையாளர் பெயர்' என்று ஒரு கட்டம் உண்டு. அங்கே வந்ததும் பேனா நின்றது. கடையின் பெயரை எழுதினார். தங்கை அதை வெள்ளை மையால் அடித்து, தன் பெயரை எழுதி, அட்டையை அவர் பக்கம் தள்ளினாள். அவர் தன் பெயரைக் கீழே எழுதினார். என் முறை வந்தபோது கட்டத்தில் இடமில்லை. ஓரத்தில் செங்குத்தாக எழுதினேன்.

பாண்டா என் முறை. தூங்கும்போது மூச்சு நிமிடத்துக்கு 30க்குக் கீழே இருக்கவேண்டும், தாண்டினால் உடனே கூப்பிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். விலா ஏறி இறங்கினால் ஒன்று. கைப்பேசி வெளிச்சத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து எண்ணவேண்டும். முந்தாநாள் 24. நேற்று 27. இன்று எண்ணிவிட்டு, தப்பாக எண்ணிவிட்டேனோ என்று இன்னொரு நிமிடம் எண்ணினேன். 34. அட்டையில் எழுதிவிட்டு டாக்டரின் எண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறேன். மச்சான் வேன் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.